கடப்பிதழும் கடிதமும்

தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் நண்பர்கள் அதைக் 'கடவுச்சீட்டு' என்பார்கள். சிலர் 'பாஸ்போர்ட்' என்றே சொல்லிவிடுவார்கள். நான் பிறந்து வளர்ந்த மலேசியாவில் அதற்குக் 'கடப்பிதழ்' என்று பெயர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: எல்லையைக் கடக்க விடும் ஒரு சிறு புத்தகம்.

நம் மன்றத்து நண்பர்களில் பலர் படிப்பு முடிந்ததும் கடல் கடக்கும் எண்ணம் உடையவர்கள். எனக்கோ இந்தத் தில்லியே கடல் கடந்த நாடு. சென்ற ஆண்டு, இங்கிருந்துகொண்டே என் கடப்பிதழைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. அப்பொழுது கண்டதும் கற்றதும் நாளை வெளிநாடு செல்லும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று கருதி இதை எழுதுகிறேன். புதுப்பிக்கும் முறையை மட்டும் சொல்வதாயின் ஒரு பக்கம் போதும். ஆனால் கடப்பிதழைப் பற்றிப் பேசப் புகுந்தால் கடிதத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. இரண்டையும் பேசினால் என் பாட்டியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆகவே கட்டுரை சற்று நீண்டுவிட்டது. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

மனிதனைவிடக் கடிதம் கொடுத்து வைத்தது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கடிதப் போக்குவரத்தைப் பொறுத்தமட்டில் உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிலப்பரப்பு என்பது அதன் சாரம். அனுப்புகிற நாட்டின் தலை ஒட்டினால் போதும். போய்ச் சேரும் நாடு மறுபடியும் கட்டணம் கேளாமல் கொண்டுபோய்க் கொடுக்கும். இந்தியா 1876ஆம் ஆண்டிலேயே அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. இன்றும் உலக அஞ்சல் ஒன்றியம் என்னும் பெயரில் அந்த ஏற்பாடு நடந்து வருகிறது. ஈப்போவில் பெட்டியில் போட்ட உறை தில்லிக்கு வர விசா கேட்பதில்லை. எத்தனை நாள் தங்குவாய் என்று எவரும் அதை விசாரிப்பதில்லை.

மனிதன் கதை வேறு. 1914ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் போர் வரையில் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடப்பிதழ் இல்லாமலே மக்கள் போய்வந்தார்கள். போர்க்காலத்தில், தற்காலிகம் என்று சொல்லி, கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. 1920ஆம் ஆண்டு நாட்டுக்கூட்டுச் சங்கம் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, கடப்பிதழ் 32 பக்கமுள்ள புத்தகமாக இருக்க வேண்டும் என்று அதற்கோர் உருவத்தை வகுத்தது. இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் அந்த உருவத்தின் வழிவந்ததே. இந்தியாவுக்குள் நுழையக் கடப்பிதழ் வேண்டும் என்ற சட்டமும் அதே 1920ஆம் ஆண்டில் பிறந்தது. ஆங்கிலேயர் போன பிறகும் அச்சட்டம் போகவில்லை. நூறாண்டு கடந்து, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் புதிய குடியேற்றச் சட்டம் நடப்புக்கு வந்தபோதுதான் அது ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்றது சட்டம்தானே தவிரக் கடப்பிதழ் அன்று!

கடிதம் எளிதாகக் கடக்கிற எல்லையை மனிதனால் கடக்க முடியாமற்போவது எப்படி இருக்கும் என்பதை என் பாட்டியிடம் கண்டேன்.

பாட்டி திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1951ஆம் ஆண்டு, எட்டு வயதில், தாயோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார். அந்தக் கப்பல் 1926 முதல் 1973 வரையில் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல். மலேசியத் தமிழர் குடும்பங்களில் அதன் பெயர் தெரியாத பழைய குடும்பம் அரிது. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பாட்டியின் தந்தை ஏற்கெனவே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வயதுத் தங்கையை ஊரில் அம்மாச்சியிடம் விட்டுவிட்டு, மூத்த பெண்ணை மட்டும் அழைத்துப் போனார்கள். கைக்குழந்தைக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது, அடுத்த தடவை வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்பது எண்ணம். 1953ஆம் ஆண்டு மலாயாவில் குடிநுழைவுச் சட்டம் இறுகிற்று. அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

அக்காலத்தில் சிறு குழந்தைகளுக்குத் தனிப் புத்தகம் தராமல் பெற்றோர் கடப்பிதழிலேயே ஒரு வரியாக எழுதிவிடும் வழக்கம் இருந்தது. என் பாட்டியும் தம் தாயின் புத்தகத்தில் ஒரு வரிதான். பெயர், பெண், வயது எட்டு. அவ்வளவே. தாய் இறந்தார், புத்தகம் காலாவதியாயிற்று, அதில் இருந்த வரியும் அதோடு முடிந்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். தோட்டத்து லயங்களில் இருந்த எத்தனையோ பேருக்கு அதன் பொருள் விளங்கவில்லை. விளங்கியபோது, பிறந்த ஊரிலிருந்து சான்று கொண்டுவரச் சொன்னார்கள். பாட்டி பிறந்ததை எந்தத் தாளிலும் எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. இன்றும் பாட்டியிடம் இருப்பது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டைதான். எந்த நாட்டுக் கடப்பிதழும் அவருக்கு இல்லை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலேசியக் குடிமக்கள். அவர் மட்டும் எழுபதாண்டுக்கு மேலாக அங்கே வாழ்ந்தும் எந்த எல்லையையும் கடக்க இயலாதவர்.

ஆனால் கடிதம் கடந்தது. திருவாரூர்த் தங்கையிடமிருந்து நீல நிற வான்கடிதம் வரும். தோட்டத்தில் வீடு வீடாகத் தபால்காரர் வரமாட்டார். கடிதமெல்லாம் ஆபீசுக்குப் போகும். காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் கிராணி பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். சில கிராணிமார் தாமே படித்தும் சொல்வார்கள். தங்கை வயதுக்கு வந்தது, கலியாணம் ஆனது, பிள்ளை பெற்றது, கணவனை இழந்தது எல்லாம் பாட்டிக்குக் கிராணியின் குரலில் வந்த செய்திகளே. "என் தங்கச்சி பேசுறது எப்பவும் ஆம்பளைக் குரல்லதான்யா கேக்கும்" என்று சொல்லிப் பாட்டி சிரிப்பார். பிற்காலத்தில் தொலைபேசி வந்து இருவரும் பேசிக்கொண்டார்கள். என்றாலும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது 1951ஆம் ஆண்டு கடைசி.

இதனால் எங்கள் வீட்டில் கடப்பிதழ் என்றாலே ஒரு பயம் உண்டு. கலியாணப் பத்திரிகைகூட அலமாரியில் கிடக்கும். கடப்பிதழ் நகைப்பெட்டியில் இருக்கும். நான் தில்லிக்குப் புறப்பட்டபோது பாட்டி வேறெந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. "அந்தப் பொஸ்தகத்தைச் சாக விட்டுடாதே ஐயா" என்றார்.

அந்தப் புத்தகத்துக்கு ஐந்தாண்டு ஆயுள். 2021ஆம் ஆண்டு தந்தது 2026ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிய வேண்டும். அதுவரைக்கும் கவலை இல்லை என்று நினைத்துவிடலாகாது. உள்ளே வருகிறவரின் கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. ஆகவே ஐந்தாண்டுப் புத்தகம் நடைமுறையில் நாலரை ஆண்டுப் புத்தகமே. எனக்கு இன்னொரு நெருக்கமும் இருந்தது. இங்கே தங்கும் அனுமதியை நீட்டிக்க வேண்டுமானால் கடப்பிதழ் முடியும் நாளுக்கு அப்பால் நீட்டித் தர வழியில்லை என்றார்கள். மேற்படிப்புக்கு வேறொரு நாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணமும் இருந்தது. எனவே ஓராண்டு மீதமிருக்கையிலேயே, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில், சாணக்கியபுரியில் உள்ள எங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போனேன்.

அங்கே விண்ணப்பம், பழைய புத்தகம், அடையாள அட்டை, நிழற்படம், இவற்றோடு என் பிறப்புச் சான்றிதழின் மூலத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். அது பேராக்கில் நகைப்பெட்டியில் இருந்தது. அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாளே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

இங்கேதான் கடிதம் தன் வேலையைக் காட்டிற்று. அதைச் சொல்வதற்கு முன் என் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் விண்ணப்பங்களில் 'த/பெ' என்று எழுதித் தந்தை பெயரைச் சேர்ப்பார்கள் அல்லவா? மலேசியாவில் அந்தக் கோடு பெயரின் உள்ளேயே புகுந்துவிட்டது. மலாய் மொழியில் 'அனாக் லெலாகி' என்றால் மகன். அதன் முதலெழுத்துகளை எடுத்து என் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' என்று எழுதுவார்கள். பெண்ணானால் 'அனாக் பெரம்புவான்'. 'ஏ/பி' என்று வரும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடப்பிதழ் எல்லாவற்றிலும் இந்த இரண்டெழுத்தும் ஒரு சாய்கோடும் உண்டு. அங்கே அதைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. இங்கே வந்தபிறகு அந்த இரண்டெழுத்து என்னை ஒரு புதிய மனிதனாக்கிவிட்டது. ஒரு பட்டியலில் நான் 'அல்', இன்னொன்றில் 'ஏ.எல்.' என்ற முன்னெழுத்துகளை உடையவன்; வங்கியில் தந்தை பெயரே என் பெயர். ஒரு பேராசிரியர் நான் அரபு நாட்டிலிருந்து வந்தவன் என்றே ஒரு மாதம் எண்ணியிருந்தார்.

கடப்பிதழுக்குள்ளேயே இந்தக் குழப்பத்துக்கு விதை இருக்கிறது. படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி கண்டிருப்பீர்கள். வரிக்கு 44 இடம். இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டவை. அதில் ரோமன் பெரிய எழுத்துகள் 26, எண்கள் 10, வெற்றிடத்தை நிரப்ப ஓர் அம்புக்குறி, ஆக 37 குறிகளே இடம்பெறலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை. நம் முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளிக்கும் இடமில்லை. நூற்றுக்கணக்கான மொழிகளிலுள்ள பெயர்களெல்லாம் அந்த 37 குறிக்குள் அடங்கியே ஆக வேண்டும்.

அறிவியல் மாணவனுக்கு அந்த வரிகளில் ரசிக்கத் தக்கது ஒன்றுண்டு. கடப்பிதழ் எண், பிறந்த நாள், முடியும் நாள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சோதனை எண் இருக்கும். வரும் இலக்கங்களை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கி, கூட்டி, 10ஆல் வகுத்தால் நிற்கும் மிச்சம் அது. ஓர் இலக்கம் தவறினால் இயந்திரம் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். பதிவுத் தபாலின் எண்ணும் அத்தகையதே. முதலில் இரண்டெழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டெழுத்து. ஒன்பதாம் இலக்கம் முன்னுள்ள எட்டைச் சோதிப்பதற்கென்றே வைத்தது. எண்ணுக்கு இத்தனை காவல். ஆனால் பெயருக்கும் முகவரிக்கும் சோதனை எண் கிடையாது. அங்கே சோதிக்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

அம்மா அனுப்பிய உறை பதினொரு நாளில் தில்லி வந்தது. எண்ணை வைத்துக்கொண்டு நாள்தோறும் அதன் பயணத்தைப் பார்த்து வந்தேன். கோலாலம்பூர் நீங்கியது; தில்லியில் இறங்கியது; சுங்கம் கடந்தது; எங்கள் வட்டாரத் தபால் நிலையத்தை அடைந்தது. அன்று மாலையே கைக்கு வந்துவிடும் என்றிருந்தேன். மறுநாள் பார்த்தால், 'பெறுநர் அறியப்படவில்லை' என்று குறித்து உறை திரும்பிப் புறப்பட்டிருந்தது.

நடந்தது பிறகு தெரிந்தது. நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த நேரத்தில் தபால்காரர் விடுதிக்கு வந்திருக்கிறார். வாயில் மேசையில் இருந்தவர் பதிவேட்டில் 'அல்' என்ற குடும்பப் பெயரைத் தேடியிருக்கிறார். பதிவேட்டிலோ நான் தந்தை பெயரின் கீழ் இருக்கிறேன். தேடினார், காணவில்லை, இல்லை என்று சொல்லிவிட்டார். முந்நூறு பேர் இருக்கும் விடுதியில், தம் மொழியில் இல்லாத பெயரை, அவசரத்தில், அவர் வேறெப்படித் தேடுவார்? அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் பேராக் திரும்பும் அந்த உறையைப் பற்றி எண்ணுந்தோறும் வயிறு கலங்கிற்று. உள்ளே இருந்தது, பாட்டியிடம் இல்லாமற்போன அந்தத் தாள். நான் பிறந்தேன் என்பதற்குச் சான்று.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பாட்டி தொலைபேசியை வாங்கினார். "ஆபீசுக்குப் போட்டா யாருக்குத் தெரியும்? ஒரு ஆளைப் பாத்து அவங்க பேருக்குப் போடச் சொல்லு" என்றார். தோட்டத்துக் கிராணியிடம் கடிதம் வாங்கிப் பழகியவருடைய அறிவு அது.

இந்தியாவில் முகவரிக்கு ஆறிலக்கக் குறியீடு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. வகுத்துத் தந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்னும் அஞ்சல் துறை அதிகாரி. அவர் சமஸ்கிருதக் கவிஞருங்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊரைப் பல மொழிகளில் பலவாறு எழுதும் வழக்கம், இவற்றால் விளைந்த குழப்பத்தைத் தீர்க்க வந்த ஏற்பாடு அது. முதல் இலக்கம் மண்டலத்தைச் சொல்லும். நம் தமிழ்நாட்டுக்கு 6. ஆறு இலக்கமும் சேர்ந்து கடிதத்தைச் சரியான தபால் நிலையத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதற்குமேல் குறியீட்டுக்கு வேலை இல்லை. தபால் நிலையத்திலிருந்து ஒருவர் கைக்குப் போகும் கடைசி ஒரு மைலில்தான் என் உறை தவறியது.

ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள். நம் மன்றத்துப் பொங்கல் விழாவில் பழக்கமானவர்கள். அந்த அம்மாளிடம் போய் நிலைமையைச் சொன்னேன். முழுவதும் கேட்கவில்லை. "இதுக்கா தம்பி இத்தனை யோசனை? மே/பா போட்டு எங்க பேருக்கு அனுப்பச் சொல்லு. தபால்காரருக்கு இந்த வீடு இருபது வருஷமாத் தெரியும்" என்றார். மேற்பார்வை என்பதன் சுருக்கம் 'மே/பா'. என் பெயரில் உள்ள சாய்கோடு கெடுத்த காரியத்தை இந்தச் சாய்கோடு சரிசெய்தது.

மூன்று வாரங்கழித்து உறை பேராக் போய்ச் சேர்ந்தது. அம்மா அதைப் பிரிக்காமலே இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து மறுபடியும் அனுப்பினார். இம்முறை பத்தாம் நாள் வந்தது. அம்மாள் அதைப் பூசை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்திருந்து, கை கழுவிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். கூடவே இரண்டு தோசையும் கிடைத்தது.

அதன்பிறகு வேலை தடையின்றி நடந்தது. பெருவிரல் ரேகை பதிந்தேன். புத்தகத்துக்குள் சில்லு வைத்துக் கடப்பிதழ் தந்த முதல் நாடு மலேசியா; 1998ஆம் ஆண்டிலேயே அது தொடங்கிவிட்டது. சில நாள் கழித்துப் புதிய சிவப்புப் புத்தகம் கைக்கு வந்தது. மூலை வெட்டிய பழைய புத்தகத்தையும் திருப்பித் தந்தார்கள். பழையதில் இந்திய விசா ஒட்டியிருக்கிறது; ஆகையால் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். புதிய புத்தகத்துக்குப் புதிய எண். அந்த எண்ணை இங்குள்ள வெளிநாட்டார் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, தங்கும் அனுமதியிலும் மாற்றிக்கொண்டேன். பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் அவ்வாறே.

வெளிநாடு செல்லவிருக்கும் நண்பர்களுக்கு இதிலிருந்து சில சொல்லத் தோன்றுகிறது.

முதலாவது, முடியும் நாளைப் பார்த்துக் கணக்கிடாதீர்கள். அதற்கு ஓராண்டு முந்தைய நாளைப் பாருங்கள். வயது வந்த இந்தியருக்குக் கடவுச்சீட்டு பத்தாண்டுக்குத் தருகிறார்கள். பத்தாண்டு நீண்ட காலம். நீண்ட காலம் என்பதாலேயே மறந்துபோகும். அது முடியும் ஆண்டில் நீங்கள் எந்த நாட்டில் எந்த ஊரில் இருப்பீர்களோ! உங்கள் சான்றிதழ்களின் மூலம் எந்தப் பெட்டியில் எவர் பொறுப்பில் இருக்கிறது என்பதை இப்பொழுதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, முன்னெழுத்தே வழக்கம். இந்தியக் கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்து எழுதியாக வேண்டும். தந்தை பெயர் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பது சிறிய விஷயம் அன்று. குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு ஒற்றைப் பெயரோடு இருக்கும் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐக்கிய அரபு நாடுகள் விதித்தபோது, அதனால் திகைத்தவர்களில் தமிழர் பலர். கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே பல்கலைக்கழகத்திலும் விடுதியிலும் வங்கியிலும் எழுதச் செய்யுங்கள். அறைக்கதவிலும் எழுதி ஒட்டுங்கள், தவறில்லை.

மூன்றாவது, முகவரி. மாணவனுடைய முகவரி ஆண்டுக்கு ஆண்டு மாறும். விடுதி மாறும், அறை மாறும், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். அரசும் வங்கியும் பல்கலைக்கழகமும் அனுப்பும் முக்கியமான தாள்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே ஒரு புதிய நாட்டில் இறங்கியதும், வீட்டு எண் உள்ள ஓரிடத்தைத் தேடுவதோடு நில்லாமல், உங்கள் பெயரைச் சொன்னால் "ஆம், அவர் எங்களுக்கு வேண்டியவர்தான்" என்று வாங்கி வைக்கும் ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள். முகவரி என்பது அதுதான் என்று எனக்கு இப்பொழுது படுகிறது.

புதிய கடப்பிதழ் வந்த செய்தியைக் கேட்டுப் பாட்டி அதிகம் பேசவில்லை. "சரி, இனிமே அஞ்சு வருஷத்துக்கு நீ எங்கேயும் போகலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு, சிறிது தயங்கி, "எனக்காக ஒரு இடத்துக்குப் போயிட்டு வர்றியா?" என்றார்.

அம்மா இரண்டாவது முறை அனுப்பிய பெரிய உறைக்குள் இன்னொரு சிறிய உறையும் இருந்தது. பாட்டி சொல்ல என் தங்கை எழுதிய கடிதம், முகவரி எழுதவில்லை. இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் ரயிலேறித் திருவாரூர் போய், அங்கிருந்து பேருந்தில் அந்தச் சிற்றூரை அடைந்தேன். சின்னப் பாட்டிக்கு இப்பொழுது எழுபத்தேழு வயது. திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை. இன்னார் பேரன் என்று சொன்னேன். கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அக்காளின் முகம் அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. பிரிந்தபோது இரண்டு வயது. ஆயினும் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவருக்கும் அக்காளின் பேச்சு ஆண்குரலில்தான் கேட்டது.

மாலையில் தொலைபேசியில் படத்தோடு இருவரையும் பேச வைத்தேன். பேச்சைவிட அழுகையே அதிகம். அது முடிந்ததும் சின்னப் பாட்டி என்னிடம் கேட்டார்: "அவளை ஏன் கூட்டிக்கிட்டு வரல?" கடப்பிதழ், சிவப்பு அட்டை, தாயின் புத்தகத்தில் ஒரு வரி, இவற்றையெல்லாம் விளக்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடுதாசி மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சேப்பா" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

நண்பர்களே, சட்டங்களை மாற்றுவது நம் மன்றத்தால் ஆகாது. ஆனால் நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. மன்றத்து அறையில் மரத்தாலான ஒரு தபால் அடுக்கு வைப்போம். அதன்மேல் நம் உறுப்பினர் ஒவ்வொருவர் பெயரையும், முன்னெழுத்தோடும், விரித்தும், தந்தை பெயர் முன்னும் பின்னுமாகவும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டுவோம். அதன் படி ஒன்றை ஒவ்வொரு விடுதியின் வாயில் மேசையிலும், ஒன்றைத் தபால்காரரிடமும் கொடுப்போம். விடுமுறைக்கு ஊர் போகாதவர் எவரோ அவர் மற்றவர்களுக்கு வரும் பதிவுத் தபாலை வாங்கி வைக்கட்டும். இதற்குச் செலவு ஒரு தச்சர் கூலியும் கொஞ்சம் காகிதமும்தான்.

வருகிற செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். பட்டியல் எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் குறித்து என்னிடம் தாருங்கள்.